இன்ஜினை மேம்படுத்திய பழைய காரின் பின் அச்சைச் சோதிக்கும் முறை
பின் அச்சை முறிப்பது குதிரைத்திறன் அன்று, முறுக்குவிசையே. இன்ஜினின் 200 நியூட்டன் மீட்டர், 3.5 என்ற முதல் கியர் விகிதத்தாலும் டிஃபரன்ஷியலின் (இரு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) 4 என்ற விகிதத்தாலும் பெருகி, இழப்புகளைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அதிலிருந்து சக்கரங்களுக்குச் செல்லும் இரு அரை அச்சுகளுக்குமாக 2,800 ஆகிவிடுகிறது. ஆகவே முதலில் டிஃபரன்ஷியல் எண்ணெயை வடித்துப் பாருங்கள்: உள்ளே இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்தத்தில் படியும் மெல்லிய சாம்பல்நிறப் பசை இயல்பானது, விரலில் நெருடும் சில்லுகளோ பல்சக்கரத்தின் பல் உடைவதன் அடையாளம். பிறகு அரை அச்சுகளை உருவி, அவற்றின் முனையிலுள்ள ஸ்ப்லைன் வரிகள் (பல்சக்கரத்தோடு பொருந்தும் நீளவாட்டுப் பள்ளங்கள்) நேராக ஓடுகின்றனவா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சற்றே முறுக்கிக்கொண்டிருந்தாலும் மாற்றிவிடுங்கள், இதில் சிக்கனம் வேண்டாம். பிடிப்பு மிகுந்த அகல டயர்களைப் பொருத்தினால், சக்கரம் வழுக்கும்போது தணிந்திருக்கக்கூடிய அதிர்ச்சி முழுவதும் அச்சின்மீதே இறங்கும் என்பதால், பழைய அளவு டயர்களையே வைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பும்போது கிளட்சைப் படாரென்று விடாமல் ஓட்டுங்கள்.