உடைந்த ஓட்டிடம் எப்படிக் கேள்வி கேட்பது?

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றுக்கு வரும் பலர், அங்குள்ள அகழாய்வுக் குழியை எட்டிப் பார்த்து, "வெறும் மண்தானே" என்று நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். 1819இல் ஆங்கிலேயர் ராபிள்ஸ் வந்து இறங்குவதற்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஓர் ஊர் இருந்ததற்கு அந்த மண்தான் சாட்சி. அடுத்த முறை போகும்போது இப்படிச் செய்து பாருங்கள்.

படி 1: எங்கே கிடந்தது என்று கேளுங்கள்

பொருளைப் பார்க்கும் முன் அது கிடந்த இடத்தைப் பாருங்கள். கலையாத மண்ணில் கீழ் அடுக்கு பழையது, மேல் அடுக்கு பிந்தியது. 1984இல் தொல்லியல் ஆய்வாளர் ஜான் மிக்சிக் இங்கே தோண்டியபோது, வெள்ளைக்காரர் காலத்து மண்ணுக்குக் கீழே 14ஆம் நூற்றாண்டு அடுக்கு கலையாமல் இருந்தது. அதிலிருந்து வந்த சின்னப் பானை ஓட்டுக்கும் காலம் சொல்ல முடிந்தது. 1928இல் இதே குன்றில் நீர்த்தேக்க வேலைக்குத் தோண்டியவர்கள் கையில் தங்க நகைகள் கிடைத்தன. அழகான நகைகள்தான். ஆனால் முறையான அகழாய்வில் வராததால், சாவக (ஜாவா) நாட்டு வேலைப்பாட்டை வைத்தே காலம் கணிக்க வேண்டியிருக்கிறது.

அதனால் பழைய ஓடு ஏதாவது கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். இருந்த இடத்திலேயே படம் பிடித்து, தேசிய மரபுடைமைக் கழகத்துக்குத் தெரிவியுங்கள்.

படி 2: உடைந்த விளிம்பைப் பாருங்கள்

உதாரணத்துக்கு, பச்சை மெருகு பூசிய பீங்கான் ஓடு ஒன்று. வழவழப்பான முகத்தை விடுங்கள், உடைந்த ஓரத்தைப் பாருங்கள். உள்ளே நெருக்கமான, வெளிர் சாம்பல் நிறக் களிமண் தெரியும். சீனத்து லொங்சுவான் சூளைகளில் சுட்ட சரக்கு இப்படித்தான் இருக்கும். பக்கத்திலேயே மெருகில்லாத மண்பானை ஓடு இருக்கும். அதன் ஓரம் சொரசொரவென்று, மணல் கலந்து இருக்கும். வெளிப்புறம் கரி படிந்திருந்தால் அது அடுப்பேறிய பானை.

எல்லாரும் பச்சை ஓட்டிடம்தான் ஓடுவார்கள். எனக்கு அந்தக் கரிப்பானைதான் பெரிது. பீங்கான், கப்பல் வந்த கதையைச் சொல்கிறது. கரி, இங்கேயே ஒருத்தி உலை வைத்தாள் என்கிறது.

படி 3: எழுத்தோடு ஒப்பிடுங்கள்

14ஆம் நூற்றாண்டுச் சீன வணிகர் வாங் தாயுவான் இந்தத் தீவு மக்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் எழுத்தையும் ஓடுகளையும் சேர்த்து வைத்துப் படியுங்கள். நம்மவர் தடமும் இந்த வட்டாரத்தில் உண்டு. சுமத்ராவின் பாருஸ் அருகே கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைப் பேசுகிறது.

படி 4: தெரியாததையும் எழுதுங்கள்

சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் ஏறத்தாழ 50 வரி எழுத்தோடு நின்ற கல்லை 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன் துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அதிலுள்ள எழுத்தை இன்னும் யாரும் ஐயமறப் படித்துச் சொல்லவில்லை. பிள்ளையின் நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: கண்ணால் கண்டது, ஊகித்தது, தெரியாதது. இந்தக் கல்லுக்கு மூன்றாவது பத்திதான் நீளும். அதை அப்படியே விட்டுவையுங்கள்.