அட்சரகணித உறுப்புகளின் பொதுக் காரணிகளுட் பெரியதைக் காணுதல்

இரணைமடுக் குளத்தின் கீழே இரண்டு செவ்வக வயல்கள் ஒட்டிக் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் பரப்பளவு 6கச, மற்றதன் பரப்பளவு 9கப. இரண்டுக்கும் நடுவே ஒரே வரம்பு; அது இரு வயல்களுக்கும் முழுப் பக்கமாக அமைய வேண்டும். அதன் நீளமாக இரு உறுப்புகளிலிருந்தும் எடுக்கக்கூடிய மிகப் பெரிய காரணி 3க. எஞ்சும் பக்கங்கள் 2ச, 3ப. அந்த 3க தான் பொதுக் காரணிகளுட் பெரியது, சுருக்கமாகப் பொ.கா.பெ. (கொப்பியில் எந்த எழுத்து வந்தாலும் முறை இதுவே.)

இனி மூன்று உறுப்புகளை எடுப்போம்: 18க³ச², 24க²ச⁴ப, 30க²ச³.

முதலில் குணகங்களை மட்டும் பாருங்கள். 18 = 2×3×3, 24 = 2×2×2×3, 30 = 2×3×5. மூன்றிலும் இருப்பவை ஒரு 2, ஒரு 3, ஆகவே 6.

அடுத்து எழுத்துகள். ஒவ்வோர் எழுத்துக்கும் மிகச் சிறிய சுட்டியை எடுக்க வேண்டும். க-வின் சுட்டிகள் 3, 2, 2, எடுப்பது க². ச-வின் சுட்டிகள் 2, 4, 3, எடுப்பது ச². ப ஓர் உறுப்பில் மட்டுமே உள்ளதால் அது சேராது. விடை 6க²ச².

ஏன் சிறிய சுட்டி? க³ என்பது க×க×க. 24க²ச⁴ப-வில் இரண்டு க மட்டுமே உள்ளன. இல்லாத மூன்றாவதை அதிலிருந்து எடுக்க முடியாது. பெரிய சுட்டியை எடுக்கும் பிள்ளை பொ.ம.சி. (பொது மடங்குகளுட் சிறியது) காணும் முறைக்குப் போய்விடுகிறது. பரீட்சை அவசரத்தில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். சுட்டி எழுதப்படாத எழுத்தின் சுட்டி 1, பூச்சியமல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

விடையால் ஒவ்வோர் உறுப்பையும் வகுத்துச் சரிபார்க்கலாம். 3க, 4ச²ப, 5ச வரும். பின் இரண்டிலும் ச இருக்கிறதே என்று குழம்பி 6க²ச³ என்று மாற்றிவிடக் கூடாது. முதலாவதில் ச இல்லை. மூன்றுக்கும் பொதுவாக எதுவும் எஞ்சாவிட்டால் விடை சரி.

7க, 15ச போன்றவற்றுக்குப் பொ.கா.பெ. 1. இங்கே 0 என்று எழுதுவது பிழை; 0 எதற்கும் காரணியாக வராது.

கோவைகள் வந்தால், காரணிப்படுத்தாமல் எதையும் தொடாதீர்கள். 3க + 12, க² − 16 இரண்டிலும் க தெரிகிறது. ஆனால் கூட்டலிலும் கழித்தலிலும் நிற்கும் க காரணியல்ல. காரணிப்படுத்தினால் 3(க + 4), (க − 4)(க + 4). பொ.கா.பெ. (க + 4).

எண்ணைப் பிரதியிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம், ஆனால் அதற்கு எல்லை உண்டு. க = 1 எனில் கோவைகள் 15, −15; க + 4 = 5. ஐந்து இரண்டையும் மீதியின்றி வகுக்கிறது. அதே வேளை 15, −15 ஆகியவற்றின் பொ.கா.பெ. 15. ஆகவே எடுத்த காரணி பிழையானால் பிரதியீடு அதைக் காட்டிக்கொடுக்கலாம். கண்டது பெரியதுதானா என்று சொல்லாது. அதற்கு வகுத்துப் பார்ப்பதே வழி.

5க − 20, 16 − 4க போன்ற கேள்வியில் பலர் பொதுக் காரணி இல்லை என்று விட்டுவிடுவார்கள். முதலாவது 5(க − 4), இரண்டாவது 4(4 − க). (4 − க) = −(க − 4) என்பதால் இரண்டாவதை −4(க − 4) என எழுதலாம். பொ.கா.பெ. (க − 4).