எழுதிய கட்டுரை கூகுளில் ஏறிவிட்டதா? பார்ப்பது எப்படி

கூந்தன்குளத்துக் கூழைக்கடாக்களைப் பற்றி இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய கட்டுரை, மூன்று வாரமாகியும் தேடலில் வரவில்லை. தலைப்பை எழுத்துப் பிசகாமல் தட்டினாலும் மற்றவர்களின் பக்கங்களே வந்தன. தேடுபொறி அந்தப் பக்கத்தைத் தன் இன்டெக்ஸில், அதாவது தேடலுக்காக வைத்திருக்கும் பக்கங்களின் பட்டியலில், சேர்க்காவிட்டால் எவ்வளவு நன்றாக எழுதியும் தேடி வருபவர் கண்ணில் படாது. எனவே எழுதி முடித்ததும் இதைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் மேலோட்டமான சோதனை. கூகுள் தேடல் பெட்டியில் எஸ், ஐ, டி, ஈ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் பக்கத்தின் முகவரியை ஒட்டுங்கள். பக்கம் வந்தால் இன்டெக்ஸில் இருக்கிறது. வராவிட்டால் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இந்தத் தேடல் இருப்பதை எல்லாம் காட்டும் என்று கூகுளே உறுதி சொல்வதில்லை. பழைய விளக்கங்களில் வரும் சேமிப்பு நகல் இணைப்பையும் தேட வேண்டாம். 2024இல் அதை எடுத்துவிட்டார்கள்.

உறுதியான பதில், தளம் நடத்துபவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில்தான் கிடைக்கும். இலவசம். தளத்தைப் பதிவு செய்யும்போது ‘டொமைன்’ வகையையே தேர்ந்தெடுங்கள். டிஎன்எஸ்ஸில் (தளத்தின் பெயருக்கான இணையப் பதிவேட்டில்) ஒரு வரி சேர்க்கும் வேலை கூடுதல் என்றாலும், எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், டபிள்யூடபிள்யூடபிள்யூ என முன்னொட்டு மாறிய முகவரிகள் எல்லாம் ஒரே கணக்கில் அடங்கிவிடும்.

உள்ளே நுழைந்ததும் மேலே இருக்கும் நீளப் பெட்டியில் பக்கத்தின் முழு முகவரியை ஒட்டி என்டர் தட்டுங்கள். நான் வழுக்கியது இந்த இடத்தில்தான். முதலில் வருவது, கூகுள் தன் இன்டெக்ஸில் குறித்து வைத்திருக்கும் நிலை. எனக்கு ‘யூஆர்எல் கூகுளில் இல்லை’ என்று வந்தது. பதற்றத்தில் வலப்பக்கம் இருந்த ‘டெஸ்ட் லைவ் யூஆர்எல்’ பொத்தானை அழுத்தினேன். பச்சை நிறக் குறி வந்ததும் சரியாகிவிட்டது என்று நம்பி மேலும் பல நாள் காத்திருந்தேன்.

அந்தப் பச்சைக் குறியின் பொருள் வேறு. கூகுளின் ரோபோ அந்த நொடியில் பக்கத்துக்கு வந்து பார்த்தது, உள்ளே வரத் தடையில்லை, அவ்வளவுதான். சேர்த்துக்கொண்டதாகப் பொருள் இல்லை. ‘ஆன் கூகுள்’ என்றால் சேர்ந்தாயிற்று. ‘அவைலபிள் டு கூகுள்’ என்றால் சேர்க்க முடியும். இந்த இரண்டு சொற்றொடர்களையும் பிரித்துப் படியுங்கள். நிலையை அறிய முதல் முடிவை மட்டுமே பாருங்கள்.

முதல் முடிவுக்குக் கீழே காரணமும் இருக்கும். என் பக்கத்துக்கு ‘டிஸ்கவர்ட், கரன்ட்லி நாட் இன்டெக்ஸ்ட்’ என்றிருந்தது. அதாவது முகவரி தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை. என் தளத்தில் வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு இணைப்புக் கொடுக்காமல் விட்டிருந்தேன். பழைய வேடந்தாங்கல் கட்டுரையில் ஓர் இணைப்புச் சேர்த்து, ‘ரிக்வெஸ்ட் இன்டெக்ஸிங்’ அழுத்தினேன். அந்த வாரமே ஏறிவிட்டது. ஒரே முகவரிக்குத் திரும்பத் திரும்ப அழுத்துவதால் வேகம் கூடாது.

‘க்ரால்ட்’ என்று தொடங்கினால் படித்துவிட்டுச் சேர்க்காமல் விட்டிருக்கிறது. அங்கே கட்டுரையைத்தான் செழுமைப்படுத்த வேண்டும். ‘நோஇன்டெக்ஸ்’ என்றால் சேர்க்க வேண்டாம் என்று உங்கள் பக்கமே சொல்கிறது. தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கினால் செட்டிங்ஸ், ரீடிங் பகுதிக்குப் போய், தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை: தமிழ் முகவரியை ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளாக மாறுகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது பிழையன்று. ‘தமிழ்’ என்பதைக் கணினி த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்தாக எண்ணுகிறது. ஒவ்வொன்றும் ஒன்பது குறிகளாகி, மொத்தம் 45. வேர்ட்பிரஸ் 200 குறிகளோடு வெட்டிவிடுவதால் நீண்ட தமிழ்த் தலைப்பு முகவரியில் பாதியில் நின்றுவிடும். தலைப்பைப் பார்த்து முகவரியை நீங்களே தட்டினால் ‘இல்லை’ என்றுதான் வரும். பக்கத்தைத் திறந்து, உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்தே நகலெடுங்கள்.

பணம் கேட்கும் இன்டெக்ஸ் சோதனைத் தளங்கள் தேவையே இல்லை. அதற்குப் பதில் பிங் வெப்மாஸ்டர் டூல்ஸிலும் பதிவு செய்யுங்கள். சர்ச் கன்சோலிலிருந்தே தளத்தை இறக்குமதி செய்துகொள்ளலாம். டக்டக்கோ என்ற தேடுபொறியின் முடிவுகளில் பெரும்பகுதி பிங்கிலிருந்து வருவதால், பிங்கில் ஏறினால் டக்டக்கோவிலும் தெரியும்.