"சாகணும் போலிருக்கு" என்று பிள்ளை சொன்னால்

தற்கொலை எண்ணம் பெரும்பாலும் அலை மாதிரி வரும். அது உச்சத்தில் இருப்பது சில நிமிடங்களோ சில மணி நேரமோதான். அந்த நேரத்தைப் பிள்ளை பத்திரமாகக் கடந்துவிட வேண்டும். "சும்மா மிரட்டுறான்" என்று மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். முன்பு ஒருமுறை முயன்ற பிள்ளைக்கு ஆபத்து பல மடங்கு அதிகம்.

"நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்ற பேச்சு, ஆசையாய் வைத்திருந்த பொருளைத் தூக்கிக் கொடுப்பது, தூக்கம் கெடுவது, நண்பர்களைத் தவிர்ப்பது ஆகியவை கவனிக்க வேண்டியவை. பதின்ம வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாக வரலாம். வீட்டில் அதைத் திமிர் என்று நினைத்துத் திட்டுவார்கள். பல வாரம் வாடிக் கிடந்த பிள்ளை காரணமே இல்லாமல் திடீரென்று அமைதியானால் நிம்மதி அடையாமல் பேசிப் பாருங்கள். தேர்வுத் தோல்வியோ காதல் முறிவோ கடைசித் தள்ளலாக மட்டும் இருக்கலாம். கேலி, அடி, பாலியல் துன்புறுத்தல் என்று வெளியே சொல்லாத ஒன்று அடியில் இருக்கக்கூடும்.

நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. எதிரே உட்கார வைத்து விசாரிப்பதைவிட, சேர்ந்து நடக்கும்போது கேட்பது எளிது. "கொஞ்ச நாளா நீ சரியாத் தூங்கலை, கவனிச்சேன். தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதாப்பா?" கேட்டபின் வாயை மூடிக் காத்திருங்கள். அந்த மௌனம் நீளும், நீங்கள் நிரப்பாதீர்கள். ஆமென்றால், "சொன்னது நல்லதாப் போச்சு, நான் கூட இருக்கேன்" போதும். "எங்களை நினைச்சுப் பாத்தியா?" வேண்டாம், தான் ஒரு பாரம் என்று ஏற்கெனவே நம்பும் பிள்ளைக்கு அது இன்னொரு சுமை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் செய்யாதீர்கள்.

அடுத்து, திட்டம் ஏதும் இருக்கிறதா, எப்போது, அதற்கானது கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். திட்டம் இருந்தால் ஒரு நிமிடமும் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஏற்கெனவே எதையாவது விழுங்கியிருந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சில பாதிப்புகள் தாமதமாகத்தான் தெரியும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விழுங்கியதன் அட்டையையோ புட்டியையோ கையோடு கொண்டு போங்கள்.

வீட்டிலுள்ள மருந்து, பூச்சிமருந்து, ஆயுதம் எல்லாம் பூட்டுக்குள் போகட்டும், சாவி ஒரு பெரியவரிடம். மேல் அலமாரியில் ஒளித்து வைப்பது பூட்டுவது ஆகாது; பிள்ளைகளுக்கு எல்லா இடமும் தெரியும். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள், காலாவதியானதை, மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டால் அங்கே ஒப்படையுங்கள்.

மனநல மருத்துவரோ ஆலோசகரோ துணையிருக்க, பிள்ளையின் வார்த்தையிலேயே ஒரு தாளில் பாதுகாப்புத் திட்டம் எழுதுங்கள்: அலை வருவதன் அறிகுறி, தானே செய்து தணிக்கக்கூடியது, மனம் மாறப் போகும் இடம், கூப்பிடும் இரண்டு மூன்று பேர், மருத்துவர் எண், உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண், வீட்டில் எதை அகற்றுவது. "நல்லதையே நினை" எழுதினால் நடுராத்திரியில் உதவாது. "அத்தைக்குப் போன் பண்ணு" உதவும். எண்களைப் பிள்ளையின் போனிலும் பதியுங்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் வாரங்களில்தான் ஆபத்து மிக அதிகம். மூன்று மாதமாவது கண்காணிப்பு தளரக் கூடாது. முதல் மறுசந்திப்பை ஒரு வாரத்துக்குள் வாங்கிவிடுங்கள். மனச்சோர்வு மருந்து தொடங்கினால் ஆரம்ப வாரங்களில் சில பிள்ளைகளுக்குப் பதற்றமோ தற்கொலை எண்ணமோ கூடலாம். நீங்களாக மருந்தை நிறுத்தாமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.