அரசுப் பள்ளிக்கு இணைய வசதி: நிதி திரட்டும் வழி

முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி, இணைய இணைப்பு வேண்டும் என்று தீர்மானம் எழுதிப் பெற்றோரின் கையொப்பங்களைப் பெறுங்கள்.

கம்பி இழுக்கவும் மோடம் வாங்கவும் ஒரு முறை ஆகும் செலவையும், மாதந்தோறும் வரும் கட்டணத்தையும் தனித்தனியே கணக்கிட வேண்டும்; கட்டணம் கட்ட வழியின்றி, விளக்கணைந்து, தலைமையாசிரியர் அறை அலமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கும் மோடத்தைக் கண்டவர்களுக்கு இதன் காரணம் புரியும்.

மாதக் கட்டணத்துக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மானியத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் 30 மாணவர்கள் வரை மட்டுமே படிக்கும் மலைக்கிராமப் பள்ளிக்கு அது ஆண்டுக்கு 10,000 ரூபாய்தான். மின் கட்டணமும் சுண்ணாம்பும் துடைப்பமும் அதற்குள்ளேயே அடங்கியாக வேண்டும்.

எனவே, 2022-இல் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாக முன்னாள் மாணவர்களிடமும் நிறுவனங்களிடமும் உதவி கோரும்போது, கருவிகளோடு மூன்று ஆண்டுக் கட்டணத்தையும் சேர்த்தே கேளுங்கள்.