நீலத் தொட்டியில் நெய் வடியும் பெட்டி

சிங்கப்பூரில் ஒவ்வொரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழும் மறுசுழற்சிக்கென்று ஒரு நீலத் தொட்டி நிற்கிறது. தேசிய மறுசுழற்சித் திட்டம் 2001-இல் தொடங்கியது. இன்னமும் அந்தத் தொட்டிகளில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு எதற்கும் உதவாதது என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். இதில் பாதிக்கு மேல் சோம்பேறிகள் வேலையாக இருக்காது, நல்ல எண்ணத்தோடு போடுகிறவர்கள் வேலைதான் என்பது என் சந்தேகம்.

தீபாவளிக்கு மறுநாள் தொட்டிக்குள் எட்டிப் பாருங்கள். லட்டு வந்த அட்டைப்பெட்டி மேலாகக் கிடக்கும். அட்டைதானே என்று போட்டிருப்பார்கள். அடிப்பக்கம் முழுக்க நெய். எண்ணெய் ஊறிய அட்டையைக் கூழாக்கி நல்ல காகிதம் செய்ய முடியாது. காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் எல்லாம் ஒரே தொட்டியில் விழுவதால், அந்த நெய் பக்கத்தில் கிடக்கும் செய்தித்தாளையும் கெடுத்துவிடும். சுத்தமான மூடியைக் கிழித்துத் தொட்டியில் போடுங்கள், அடிப்பாகம் குப்பைக்குப் போகட்டும். பாதி குடித்துவிட்டு அப்படியே போடும் மைலோ, குழம்பு ஒட்டிய தபாவ் (கடையில் பொட்டலம் கட்டி வாங்கும் சாப்பாடு) டப்பா, கசக்கிய டிஷ்யூ எல்லாம் செய்வது இதே கெடுதலைத்தான்.

இதற்குப் பயந்து தயிர் டப்பாவைச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறவர்களும் உண்டு. அவ்வளவு வேண்டாம். பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஒரு அலசு அலசினால் போதும். வகை வகையாகப் பிரித்துக் கட்டவும் வேண்டியதில்லை, அதற்கென்று ஆலையில் ஆட்கள் இருக்கிறார்கள்.

"போட்டு வைப்போம், யாருக்காவது உதவும்" என்று தலையணை, பொம்மை, பீங்கான் தட்டு, ஸ்டைரோஃபோம் பெட்டி எல்லாம் போடுவது இன்னொரு தவறு. நல்ல துணி, பொம்மை என்றால் யாரிடமாவது நேரில் கொடுங்கள். பேட்டரியையும் பழைய கைப்பேசியையும் போடவே கூடாது, நசுங்கினால் தீப்பிடிக்கும். அவற்றுக்கென்றே 2021 முதல் தனி மின்கழிவுத் தொட்டிகள் இருக்கின்றன.

"எல்லாம் கடைசியில் ஒரே லாரியில்தான் போகிறது" என்ற பேச்சையும் நம்பாதீர்கள். மறுசுழற்சிக்கு லாரியே தனி. குப்பைக் குழாயில் போடுவதுதான் எரியாலைக்குப் போகிறது, அதன் சாம்பல் படகேறி செமாக்காவ் தீவிலுள்ள குப்பை நிரப்பும் இடத்துக்கு. 1999-இல் திறந்த அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அப்புறம், பை. 2023 ஜூலை முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு. அதைத் தவிர்க்க, கடைக்குப் போகும்போதெல்லாம் புதுத் துணிப்பை வாங்கினால் மிச்சம் ஒன்றுமில்லை. என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் அப்படிப் பதினொன்று தொங்குகின்றன, கடைக்குப் போகும்போது ஒன்றுகூட நினைவுக்கு வருவதில்லை.