கத்திரி வெயிலில் பூச்செடிகளின் இலையைக் காப்பது எப்படி?

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று வேலூரைப் பற்றி வழங்கிவரும் பேச்சின் பொருளை, இங்கு மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு மே மாதமும் நேரில் உணர்கிறார்கள். கத்திரி தொடங்கியதும் வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது இவ்வூரில் வழக்கம். பகலெல்லாம் காய்ந்த பாறைகளும் சிமென்ட் தளங்களும் இரவிலும் அனலை வெளிவிடுகின்றன. ரோஜாவும் செம்பருத்தியும் மொட்டுகளை உதிர்க்கத் தொடங்கினால் நாம் உடனே தண்ணீரைக் கூட்டுகிறோம். பல நேரங்களில் அதனால் பயன் இருப்பதில்லை, ஏனெனில் அப்போது இடர்ப்படுவது இலையில் நடக்கும் ஒளிச்சேர்க்கை.

நம் பூச்செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒளிச்சேர்க்கை நன்றாக நடைபெறுவது ஏறத்தாழ 20 முதல் 30 டிகிரிக்குள்தான். வெயில் ஏறி, காற்று உலர்ந்ததும், நீர் இழப்பைத் தடுக்கச் செடி தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. அதனால் கரியமில வாயு உள்ளே வருவது குறைகிறது. நீராவி வெளியேறாததால் இலை குளிரும் வழியும் அடைபட்டு, வெயில் படும் இலையின் சூடு காற்றின் சூட்டைவிடச் சில டிகிரி கூடிவிடுகிறது. கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் பணியைத் தொடங்கிவைக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி, சூடு கூடக்கூட ஆக்சிஜனையும் மிகுதியாகப் பற்றிக்கொண்டு, செடி சேர்த்ததில் ஒரு பகுதியை வீணாக்குகிறது. ரூபிஸ்கோவை இயங்கும் நிலையில் வைத்திருக்கும் துணை நொதியோ வெப்பத்தை மிகச் சிறிதளவே தாங்கக்கூடியது. இலையின் சூடு இன்னும் கூடி நீடித்தால், ஒளியைப் பிடிக்கும் அமைப்பே பழுதடைகிறது. வெளுத்துத் தீய்ந்த திட்டுகளாக நாம் காண்பது அந்த நிலையைத்தான். இதற்கிடையே சுவாசம் இரவிலும் வேகமாக நடப்பதால், பகலில் குறைவாகச் சேர்த்த சர்க்கரை இரவில் மிகுதியாகச் செலவாகிறது. வரவு சுருங்கிச் செலவு பெருகிய செடி முதலில் கைவிடுவது மொட்டுகளை. தப்பி மலரும் பூக்களும் சிறுத்து, நிறம் மங்கியிருக்கும்.

ஆகவே, கோடையில் செடிக்கு உண்மையான சம்பாத்திய நேரம் விடிந்ததிலிருந்து சுமார் பத்து மணி வரையிலான காலை வேளைதான். அந்த வேளையின் ஒளி முழுமையாகக் கிடைக்கும்படியும், அதற்குப் பிந்தைய சூடு இலையை எட்டாதபடியும் நிழல் அமைக்க வேண்டும். வெயிலில் பாதியைத் தடுக்கும் ஐம்பது விழுக்காட்டு நிழல்வலையைச் செடிகளின் உச்சிக்கு மேல் மூன்று நான்கு அடி இடைவெளி விட்டுக் கட்டி, மேற்குப் பக்கத்தில் மட்டும் கீழே இறக்கிவிட்டு, கிழக்கைத் திறந்தே வைக்கவும். எழுபத்தைந்து விழுக்காட்டு வலை கூடுதலாகக் காக்கும் என்று எண்ணிப் பலர் வாங்குகிறார்கள். ரோஜா போன்ற வெயில் விரும்பிகளுக்கு அதன் அடியில் ஒளி போதாமல், வேறொரு வகையில் பட்டினி நேர்கிறது. ஏலகிரியிலிருந்தோ ஓசூரிலிருந்தோ கொண்டுவந்த செடியை நேரே மொட்டைமாடியில் வைத்துவிடாமல், முதலில் காலை வெயில் மட்டும் படுமிடத்தில் வைத்து, பத்து நாள்களில் சிறிது சிறிதாகப் பழக்கினால், வெப்பத்தைத் தாங்க உதவும் புரதங்களை அது தானே உருவாக்கிக்கொள்ளும்.

கறுப்பு நிறப் பைகள் வெயிலில் வேரையே வேகவைக்கும். அவற்றைச் செங்கல்லின் மேல் தூக்கி வைத்து, வெளிப்பக்கம் ஈரச் சாக்கைச் சுற்றவும். மண்ணின் மேல் இரண்டு அங்குலக் கனத்துக்கு மூடாக்கு இட வேண்டும். தென்னை நார் கிடைக்காவிட்டால், நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் மல்லாட்டை (நிலக்கடலை)த் தோலோ கரும்புச் சோகையோ போதும்.

தண்ணீரை விடியற்காலையில், தொட்டியின் அடித்துளையில் வழியும் வரை ஊற்றவும். நண்பகலில் இலை தொங்குவதைக் கண்டால், விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம், மாலையில் இலை தானே நிமிரும். ஈர மண்ணில் மேலும் ஊற்றினால் வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் அழுகல் தொடங்கும். மாலையில் தளத்திலும் சுவரிலும் நீர் தெளிப்பது இரவுச் சூட்டைத் தணித்து, சுவாசத்தில் செலவாகும் சர்க்கரையைக் குறைக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் இலையின் மேல் தெளிக்காதீர்கள்.

மே மாதத்தில் யூரியா இடுவதும் கிளைகளை ஆழமாக வெட்டிக் கவாத்து செய்வதும் கூடாது, ஏனெனில் இரண்டும் இளந்தளிரைத் தூண்டுகின்றன. அந்தத் தளிரை வளர்க்கும் இருப்பு செடியிடம் அப்போது இராது. வேப்பெண்ணெய்க் கரைசலைப் பொழுது சாய்ந்த பின்னரே தெளிக்க வேண்டும். நலிந்த ரோஜாவில் எஞ்சிய மொட்டுகளையும் கிள்ளிவிடுவது மனத்துக்குக் கடினம்தான். ஆனாலும் என் தோட்டத்தில் அப்படிக் கிள்ளிய செடிகளே மழைக்குப் பின் முதலில் தழைத்தன.

கோடையிலும் பூ வேண்டுமென்றால் காகிதப்பூ, அடீனியம், டேபிள் ரோஸ் ஆகியவற்றை நாடலாம். டேபிள் ரோஸின் ஒளிச்சேர்க்கை முறையே வேறு. கரியமில வாயுவைச் செறிவூட்டி ரூபிஸ்கோவிடம் சேர்ப்பதால், நம் வெயில் அதற்கு ஏற்றதாகவே அமைகிறது.

கோடை மழை பெய்து மண் குளிர்ந்த பிறகும் நிழல்வலையை ஒரே நாளில் அகற்றிவிடாதீர்கள். முதலில் மேற்குப் பக்கத்தைச் சுருட்டிவிட்டு, புதிய இலைகள் கரும்பச்சையாக முதிர்ந்த பின் மேல்வலையை நீக்கி, அதற்கு ஒரு வாரம் கழித்து முதல் உரத்தை இடவும்.